மூன்றாவது கட்டிலில் பட்டன் அக்கா

சட்டைக் கம்பெனியில் பட்டன் வைக்கும் வரிசையில் அவள்தான் வேகக்காரி. பட்டன் அக்கா என்ற பெயர் அங்கே வந்தது. ஒருநாள் காலையில் எழுந்தபோது இரண்டு கைவிரல்களும் மடங்கவில்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மத்தியானத்துக்குமேல்தான் விரல் வளைந்தது. மறுநாளும் அதே கதை. விரல் கணுக்கள் வீங்கின, பிறகு மணிக்கட்டு, பிறகு கணுக்கால். ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். உடம்பே தன் மூட்டுகளை எதிரி என்று நினைத்து அரிக்கிற நோய். சூப்பர்வைசர் அவளை முதலில் மடிப்பு வேலைக்கு மாற்றினார், பிறகு எண்ணும் வேலைக்கு, பிறகு வீட்டுக்கு.

சில வருஷத்தில் விரல்கள் கோணி, எல்லாமே சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து நின்றன. அப்போதுதான் வார்டு அட்டெண்டர் கூப்பிட ஆரம்பித்தார். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குப் பரீட்சை நடக்கும். ஆளுக்கொரு நோயாளியை ஒதுக்குவார்கள். விசாரித்து, தொட்டுப் பார்த்து, என்ன நோய் என்று பரீட்சை வைக்கிற டாக்டர்களிடம் சொல்ல வேண்டும். நோயாளி மட்டும் வாயைத் திறந்து நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. பஸ் செலவும் டீயும் பன்னும் கொடுப்பார்கள்.

முதல் தடவை கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. முதலில் பார்ப்பார்கள், பிறகு தொடுவார்கள், பிறகு அசைத்துப் பார்ப்பார்கள். அக்கா கையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். மேஜைமேல் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி அந்தக் கை கிடக்கும். பெரிய டாக்டர் ஒருவர் இன்னொருவரிடம், "அருமையான கை" என்றார் ஒருமுறை. டயர் பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவரிடம் வீட்டில் அதைச் சொன்னாள்.

"நானும் அதைப் பாத்துத்தானே கட்டிக்கிட்டேன்" என்றார் அவர்.

அவள் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். மகள் கல்யாணமாகி தூர ஊருக்குக் கிளம்பியபோது வாசலில் எல்லோரும் அழுதார்கள். அக்கா, பெட்டியின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் வலியும் குறைந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தாள். ஆனால் டம்ளர் கையை விட்டு நழுவியது. நடக்கும்போது கால் எங்கே போய் விழுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் மார்க்கெட்டில் பழக்கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டு, "அக்கா, உங்க செருப்பு இங்கேயே இருக்கு" என்றார். ஒற்றைச் செருப்போடு பாதித் தெரு நடந்திருந்தாள். அவளுக்குத் தெரியவே இல்லை.

மாதாமாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்பார்: "வலி எப்படி இருக்கு?"

"குறைஞ்சிருக்கு சார்."

"நல்லது. அதே மாத்திரையைச் சாப்பிடுங்க."

அந்தத் தடவை பரீட்சைக்கு அவளுக்கு மூன்றாவது கட்டில். வந்தவன் குண்டாக, சட்டை முழுக்க வியர்வையோடு இருந்தான்.

"அம்மா, எங்கே வலிக்குதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. அந்த இடத்தைக் கடைசியா தொடறேன்."

"எங்கேயும் பெருசா இல்ல தம்பி."

ஒரு விரல் கணுவை மெதுவாக அமுக்கினான். கண் அவள் முகத்திலேயே இருந்தது. கணு வீங்கி, சூடாகக்கூட இருந்தது. அக்காவின் முகம் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினான்.

"வலிக்கலையா?"

"அமுக்கறே, தெரியுது. ஆனா வேற யாரையோ அமுக்கற மாதிரி இருக்கு."

அவன் பையிலிருந்து பஞ்சை எடுத்தான். "கண்ணை மூடிக்கோங்க. தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடினாள். காத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"தொடு தம்பி."

"தொட்டு முடிச்சிட்டேன் அம்மா" என்றான் அவன்.

கண்ணைத் திறந்தபோது அவன் ரப்பர் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டினான். கால் யாரையோ உதைப்பது போல எகிறியது.

"தலையைக் குனிஞ்சா ஏதாவது ஆகுதா? இப்ப குனிய வேண்டாம், சும்மா சொல்லுங்க."

"முதுகுல கரண்ட் அடிச்ச மாதிரி இறங்கும்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"வலியைத்தான் கேப்பாங்க. இது வலி இல்லையே."

மணி அடித்துவிட்டது. இடுப்பு, தோள், முழங்கால் எதையும் அவன் முறையாகப் பார்த்திருக்கவில்லை. பெரிய டாக்டர் வந்து நின்றார். அவன் தட்டுத் தடுமாறிச் சொல்ல ஆரம்பித்ததுமே அவருக்கு எரிச்சல் வந்தது.

"உன்னை மூட்டைப் பாக்கச் சொன்னோம். நீ நரம்பைப் பாத்துட்டு நிக்கறே."

"கழுத்து மூட்டுலதான் பிரச்சனைன்னு நினைக்கிறேன் சார்."

அவர் சுத்தியலை வாங்கித் தானே தட்டினார். பாதத்தின் அடியில் சாவியால் கீறினார்; கால் பெருவிரல் கீழே மடங்காமல் மேலே நிமிர்ந்தது. பிறகு குரல் தணிந்தது.

"அம்மா, தலையை அசைக்காதீங்க. அப்படியே இருங்க."

துண்டுகளைச் சுருட்டித் தலைக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்தார்கள். கட்டிலோடு எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. டீ இன்னும் வரவில்லையே என்றுதான் அக்கா நினைத்தாள்.

கழுத்தின் உச்சியில் இருக்கிற இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநார் அரித்துப்போயிருந்தது. அவள் ஒவ்வொரு தடவை குனியும்போதும் மேல் எலும்பு வழுக்கி, தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை விழுந்தால் போதும், கை கால் வராமலே போயிருக்கலாம் என்றார்கள்.

கணவர் கையில் கிரீஸோடு ஓடி வந்தார்.

"ஏன் என்கிட்டகூட சொல்லலை?"

"வலிக்குதான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொன்னேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அழுக்குக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஸ்க்ரூ வைத்து எலும்புகளை ஒன்றாகப் பூட்டினார்கள். தையல் பிரிப்பதற்கு முன்னால் அட்டெண்டர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். "அந்தக் குண்டுத் தம்பி பாஸ் பண்ணிட்டார் அக்கா. மார்க்குதான் கம்மியாம். பாதியில விட்டுட்டாரில்ல" என்றார். அக்கா, "சரி" என்றாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

நடை திரும்பிவிட்டது. கழுத்துதான் முன்னைப்போல் திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க முழு ஆளும் திரும்ப வேண்டும். "அணிவகுப்புக்கு நிக்கற மாதிரி இருக்கே" என்றார் கணவர். சில வாரம் கழித்து, துணி பிழியப் போனபோது மணிக்கட்டில் சுருக்கென்று வலித்தது. டாக்டரிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "வலிக்குதா? ரொம்ப நல்லது" என்றார். விரல் நுனியில் மட்டும் உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது, ரொம்ப நாள் நெரிபட்டுவிட்டது என்றார்.

குனிய முடியாததால் தலைக்குக் குளிப்பாட்டுவது கணவரின் வேலை ஆனது. குளியலறையில் ஸ்டூல் போட்டு அவளை நிமிர்ந்து உட்காரவைத்து, பின்னால் நின்றுகொள்வார்.

"சூடு போதுமா, பாத்துச் சொல்லு."

அக்கா வாளிக்குள் விரல்களை விட்டாள். தண்ணீர் இருப்பது தெரிந்தது. சூடா, பச்சைத் தண்ணீரா என்று தெரியவில்லை.

"கையில தெரியலைங்க. தலையில ஊத்துங்க, சொல்றேன்."

அவர் ஒரு மக்கு மொண்டு, மெதுவாக ஊற்றினார்.

"சரியா இருக்கு" என்றாள் அக்கா.