மிக்கா கொடுத்த கெட்டிக் கஞ்சி

கிரேக்கர்களின் தாசோஸ் தீவுத் துறைமுகத்தில் மிக்காவின் பார்லிக் கஞ்சியைக் குடிக்காத படகுக்காரன் ஒருவன் இருந்தால், ஒன்று அவனுக்குக் காசில்லை, இல்லை மானம் அதிகம். கிண்ணத்துக்கு இரண்டு வசவு இலவசம். அகப்பையை நட்டால் நிற்கும் கஞ்சி. அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு சிரித்த ஒரே ஆள் சலவைக்கல் வெட்டும் திராசோன். அதனால்தான் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. பிள்ளைகுட்டி கிடையாது. அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

வடகாற்று அறைந்த ஒரு குளிர்காலத்தில் திராசோன் கல் வெட்டும் குழியிலிருந்து விலாவைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தான். உடம்பு கொதித்தது. இருமினால் துரு நிறத்தில் சளி. வைத்தியர் ஹெராகொரஸ் வந்து விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"நோய் ஈரத்துல வளருது. முதல்ல உடம்பை உலர்த்தணும். சோறு தண்ணி கூடாது. தொண்டை நனைய தேனும் திராட்சைக் காடியும் கலந்து கொஞ்சம் குடு, போதும்."

"ஐயா, மலையை உடைக்கிற ஆளு இது. காய்ச்சலுக்கு முன்னாடி பட்டினியே கொன்னுடும் போலிருக்கே."

"கஞ்சி காய்ச்சறது உன் வேலை. எப்போ குடிக்கணும்னு சொல்றது என் வேலை."

வாழ்க்கையில் முதல்முறையாக மிக்கா வாயை மூடிக்கொண்டாள். மாட்டின் மூத்திரப்பையில் வெந்நீர் ஊற்றி அவன் விலாவில் வைத்து ஒற்றினாள். பக்கத்து வீட்டு எண்ணெய்க்காரி கோரின்னோ எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, ஊருக்கே கஞ்சி ஊத்தறவ, புருஷனுக்கு வெறும் காடியா?"

"வைத்தியர் சொல்லியிருக்காரு."

"எங்க வீட்டுக்காரருக்கும் அவருதான் சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இப்ப நான் தனியா எண்ணெய் விக்கிறேன்."

சில நாளில் திராசோனின் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போனபிறகு ஹெராகொரஸ் வந்தார். "உலர்ந்தது போதும். இனி பலம் ஏறணும். கஞ்சி குடு. வடிக்காதே, பருக்கையோட கெட்டியா குடு."

முதலில் காயப்போடு, பிறகு நிரப்பு. அந்தப் பக்கத்து வைத்தியர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். மிக்கா ஓடினாள். பார்லியை உமி போகக் குத்தி, குழைய வேகவைத்து, தன் கைக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் அதில் இறக்கினாள். திராசோன் கிண்ணத்தை வழித்துக் குடித்தான்.

"உன் கை உன் கைதான்டி."

மிக்கா வாசலுக்கு வந்து கோரின்னோவிடம் சொன்னாள்: "பொழைச்சுக்கிட்டாரு."

பொழுது சாய்வதற்குள் விலாவலி திரும்பியது. சளி வெளியே வராமல் தொண்டையில் கொதிக்கிற சத்தம் கேட்டது. காய்ந்து கிடந்த உடம்பு அந்தக் கெட்டியைத் தாங்கவில்லை. ஹெராகொரஸ் வந்து, சாவுக்களை தட்டி அவன் மூக்கு கூர்ந்துபோனதைப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்தே?"

"ஒரு கிண்ணம். நீங்க சொன்னபடி."

"உன் கஞ்சி பாறை மாதிரியில்ல இருக்கும்."

"கெட்டியா குடுன்னு சொன்னது யாரு ஐயா?"

அவர் எழுந்து கையைக் கழுவினார். "இனி ஒரு சொட்டுகூட உள்ள போகக்கூடாது. போனா இப்பவே மூச்சடைச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வருவதாகச் சொல்லவில்லை. அவர் தெருமுனை தாண்டுவதற்குள், மிக்கா கஞ்சி கொடுத்தே புருஷனைக் கொன்றுவிட்டாள் என்று துறைமுகமெங்கும் பேச்சு பரவியது.

இருட்டியபிறகு திராசோன் கண்ணைத் திறந்தான்.

"கஞ்சி இன்னும் இருக்கா?"

பானையில் பாதிக்கு மேல் இருந்தது.

"தீந்துபோச்சுங்க. படகுக்காரப் பயலுங்க வழிச்சுக் குடிச்சுட்டுப் போயிட்டானுங்க."

"எனக்கு வைக்கலியா?"

"நாளைக்கு உங்களுக்குன்னே தனியாக் காய்ச்சறேன்."

"நாளைக்கா..." என்றான். அவன் பார்வை அடுப்புப் பக்கம் போனது. மிக்கா நகர்ந்து பானைக்கு முன்னால் உட்கார்ந்து, மேலாடையை விரித்து அதை மறைத்தாள். வாசனையை மறைக்க அவளுக்கு வழி தெரியவில்லை. அவன் மூக்கு அதை மோந்துகொண்டே இருந்தது. கிழக்கு வெளுக்கும் முன் அந்த மோப்பமும் நின்றது.