நனையாமல் நின்ற முட்டி

போன மாதம் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குச் சென்னை போயிருந்தேன். சபையின் மேடைக்கு அடியிலேயே தொட்டி கட்டியிருக்கிறார்கள். வெளிர் நீல ஓடு பதித்தது. இறங்கப் படி, பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி, தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர். காலேஜில் படிக்கிற பேத்தி என் காதருகே வந்து, "தாத்தா, தண்ணி வெதுவெதுன்னு இருக்குமாம்" என்றாள். நல்லதுதான், சளி பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பின்பக்கம் ஜெனரேட்டர் தடதடவென்று ஆரம்பித்தது. டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஆழமாக இழுத்தேன். ஞானஸ்நானம் என்றால் எனக்கு அந்த வாசனைதான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் புதுக்கோட்டைச் சீமைக்கு ஊழியம் செய்ய வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. பாப்டிஸ்ட் சபைக்காரன். ஆனால் எந்த மிஷனும் என்னை அனுப்பவில்லை, சம்பளமும் கிடையாது. கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்த அப்போஸ்தலரைப் பற்றி வாசித்ததில் வந்த வினை. கூடாரம் தைத்தால் இங்கே யார் வாங்குவார்கள்? அதனால் குடை ரிப்பேர் கற்றுக்கொண்டேன். கூடவே பூட்டு, டார்ச் லைட், பம்பு ஸ்டவ். ஒரு சைக்கிள், கேரியரில் தகரப் பெட்டி, ஹேண்டில்பாரில் வேதப்புத்தகப் பை. இலுப்பூர்ச் சந்தை, குன்றாண்டார்கோவில், மாதம் ஒரு தடவை கிழக்கே கீரமங்கலம் வரைக்கும் ஒரு சுற்று. பகலில் குடைக்கம்பி முறுக்குவேன், வெயில் தாழ்ந்ததும் பிரசங்கம் செய்வேன். ஜனங்கள் எனக்கு வைத்த பெயர் குடை உபதேசியார்.

சம்பளம் இல்லை என்பதை யாரும் நம்பவில்லை. "வெள்ளைக்காரன் பாலுமாவு குடுப்பானாம்ல, எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே ஓட்டைத் துணியும் வளைந்த கம்பியும் கிடக்கும். பார்த்துவிட்டு, பாவம் என்று மோர் கொடுத்தவர்களும் உண்டு. மழையே பெய்யாத சீமைக்கு வந்து குடை ரிப்பேர் செய்கிற என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல. மழை வேண்டுமென்று உருக்கமாக ஜெபிப்பேன். அப்படிக் கேட்பது ஊழியக்காரனா குடைக்காரனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

வெயிலில் சூடேறிய கறுப்புக் குடைத்துணிக்கு ஒரு வாடை உண்டு. இலுப்பூர்ச் சந்தையில் அந்த வாடையோடு இட்லி வேகிற மணமும் கலந்தே என் மூக்குக்கு வரும். எனக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்தவர் அழகம்மாள். ஐம்பது வயது, பருத்த உடம்பு, புருஷன் இறந்து வெகுநாள். ஒரே மகன் பினாங்கில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை. வருஷக்கணக்காக அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததில் வலது முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. அதை முழுக்க நீட்ட முடியாது. நான் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் இட்லி ஊற்றிக்கொண்டே கேட்பார். எப்படி இருக்கு அக்கா என்றால், "நல்லாத்தேன் இருக்கு. பாப்பம்" என்பார். இரண்டு வருஷம் அந்த 'பாப்பம்' ஓடியது.

ஒரு சித்திரை மாதம் மகன் கப்பல் டிக்கெட் அனுப்பிவிட்டான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். டிக்கெட் வந்த மறுநாளே அழகம்மாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, போறதுக்குள்ள எனக்கு ஞானஸ்நானம் குடுத்துருங்க. தெரியாத சீமைக்குப் போறேன். நான் யாரு புள்ளைன்னு முடிவு பண்ணிட்டுப் போகணும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்தச் சீமையில் நான் கொடுக்கப்போகிற முதல் ஞானஸ்நானம். அன்று மூன்று குடைகளுக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. தண்ணீர் எங்கே?

எங்கள் சபையில் தலையில் தெளிப்பது கிடையாது. முழு உடம்பும் தண்ணீருக்குள் முங்கி எழ வேண்டும். தாமிரபரணிக் கரையில் அது ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே அந்த வருஷம் கண்மாயில் பையன்கள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேறு மிஷனைச் சேர்ந்த வயதான போதகர் ஒருவர் குடை தைக்க வந்தபோது என் கவலையைக் கேட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு சொம்பு தண்ணி போதும் தம்பி. வேணும்னா அந்த அம்மாவை அனுப்புங்க" என்றார். நல்ல மனிதர், மனதார்த்தான் சொன்னார். நான் அழகம்மாளிடம் போய்ச் சொன்னேன்.

"ரெண்டு வருசமா முழுசா முங்கணும், முழுசா முங்கணும்னு கத்துனது நீங்கதானே? இப்ப சொம்புங்கிறீங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஊருக்குள் தண்ணீர் இருந்த ஒரே இடம் ஊரணி. ஆற்றங்கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் இறங்குவதற்குத்தான். விடியற்காலையில் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குடைக்கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தேன். குடத்தோடு வந்த பெண்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

"யாருய்யா அது, குடிக்கிற தண்ணியில காலை வைக்கிறது?"

ஊரணியில் கால் படக் கூடாது, படியில் குனிந்து மொண்டுகொண்டு போக வேண்டும் என்பது அந்தச் சீமையில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கூடிவிட்டது. வெளியூர்க்காரன், விவரம் தெரியாதவன் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள், அடி விழாதது கர்த்தருடைய கிருபை. அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊரே குடிக்கிற தண்ணியிலயா என்னைய முக்கப் பாத்தீங்க?"

சரி, நாகப்பட்டினத்தில் கடலிலேயே கொடுத்துவிடலாம் என்றேன். "கடல்லயா? அதுல முங்குனா எந்திரிக்க விடுமா?" என்றார். போகிற வழியில் இருந்த கல்லணைக் கால்வாயும் தண்ணீர் விடாத காலமாதலால் வெறும் மணல்தான்.

அந்தக் கவலையோடு கீரமங்கலம் சுற்றுக்குப் போனேன். அங்கே சின்னையா என்று ஒரு விவசாயி, என் வாடிக்கையாளர். அந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் கிணற்றுக்கு ஆயில் என்ஜின் வைத்தவர். அதன் தண்ணீர் விழ ஒரு சிமெண்டுத் தொட்டியும் கட்டியிருந்தார். அதற்குள் மாட்டைக் கூட இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"மாடு குளிக்குது, ஒரு மனுசி குளிச்சா என்னங்க? கூட்டிட்டு வாங்க. தண்ணி பூராம் பெறகு வாழைக்குப் போயிரணும், அம்புட்டுத்தேன்."

நாகப்பட்டினம் போகிற வழிதான் அது. புறப்படும் நாளிலேயே வைத்துக்கொண்டோம். துணி மூட்டையும் இட்லிக் கொப்பரையுமாக அழகம்மாள் என்னோடு பஸ் மாறி மாறி வந்து இறங்கியபோது நல்ல வெயில். உச்சிவேளைக்குப் பட்டுக்கோட்டை பஸ் வரும். அதை விட்டால் கப்பலை விட வேண்டியதுதான்.

சின்னையா சக்கரத்தைச் சுற்றினார். என்ஜின் இருமியது, கறுப்புப் புகையைக் கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டு தடதடத்தது. குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளையாகப் பாய்ந்து விழுந்ததும் அழகம்மாள் கை தட்டினார். நானும் தட்டினேன். தோட்டத்தில் வேலையாக இருந்த இருவர், சின்னையாவின் மனைவி பொன்னம்மா எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். புகை வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையுமாக எனக்குத் தலை கிறுகிறுத்தது. பாட்டுப் பாடத் தொண்டையைச் செருமினேன். அப்போது குழாய் கொப்புளித்தது, காற்றை இழுத்தது, நின்றே விட்டது.

"கெணத்துல அம்புட்டுத்தேன். இனி ஊறணும். நாளைக்குக் காலையில ஆகும்" என்றார் சின்னையா.

தொட்டியில் முழங்காலுக்குக் கீழே கிடந்தது தண்ணீர். இருப்பதை வைத்துச் செய்வோம் என்று இறங்கினோம். அழகம்மாள் முடிந்த மட்டும் காலை நீட்டி உட்கார்ந்தார். சாட்சி சொன்னார். நான் ஜெபம் செய்து மெதுவாகப் பின்னால் சாய்த்தேன். முகம் முங்கியது, தோள் முங்கியது, வயிறு முங்கியது. மடங்கி நின்ற வலது முட்டி மட்டும் தண்ணீருக்கு வெளியே காய்ந்த சேலையோடு நின்றது. எழுந்து முகத்தைத் துடைத்த கையோடு அதைத்தான் பார்த்தார்.

"தம்பி, முட்டி நனையலைங்க."

"கர்த்தர் இருதயத்தைப் பாக்கிறவர் அக்கா."

"அப்பச் சொம்பே போதுமே, இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தேன்? இந்த முட்டிதான் என்னையப் பாடாப் படுத்துது. இது மட்டும் வெளியே நின்னா எப்படிங்க?"

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். சின்னையா எட்டிப் பார்த்து, "நான் வேணும்னா ஒரு வாளி மொண்டு முட்டியில ஊத்தட்டுமா?" என்றார்.

"ஊத்தக் கூடாதுங்க. முங்கணும்."

"ஒங்க வேதத்துல இம்புட்டுச் சட்டமா?" என்றவர் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டை எடுத்து வரப்பில் போட்டார். வேட்டியோடு தொட்டியில் இறங்கி, ஒரு மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் ஒரு விரல் ஏறியது. "ஏறுதுல்ல?" என்றார். "ஏ பொன்னு, நீயும் இங்கிட்டு வா." பொன்னம்மா வெட்கப்பட்டுச் சிரித்தபடி இறங்கி அழகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் ஒரு விரல். ஆனாலும் முட்டி தெரிந்தது.

சின்னையா தோட்ட வேலைக்காரர்கள் இருவரையும் பார்த்தார். அவர்கள் வெளியே வாய்க்காலில் கை கால் கழுவுகிறவர்கள். மாடு குளிக்கிற அந்தத் தொட்டியில் அதுவரை அவர்கள் இறங்கியதில்லை.

"நாங்களுங்களா?" என்றார் ஒருவர்.

சின்னையா சாலைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். தொலைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"ஒங்க ஒடம்புக்கு மட்டும் கனம் இல்லையா? வாங்கப்பா, நேரமாச்சு."

அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் சளப்பென்று ஏறியது. நான் அழகம்மாளை மறுபடி சாய்த்தேன். முகம், தோள், வயிறு, கடைசியில் முட்டி. முட்டி போன இடத்தில் ஒரு குமிழி மட்டும் வந்தது. அவரைத் தூக்கி நிறுத்தினேன். இருமிக்கொண்டே அவர் கேட்ட முதல் வார்த்தை, "முட்டி?"

"நனைஞ்சிருச்சு" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். சொன்ன நால்வரும் எங்கள் சபைக்காரர்கள் அல்ல. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எத்தனையோ ஞானஸ்நானங்களில் வரவில்லை.

ஓடினோம். ஈரச் சேலையோடு பஸ்ஸில் ஏறிய அழகம்மாளைப் பார்த்துக் கண்டக்டர், "சீட்டெல்லாம் நனையுது ஆத்தா" என்று முணுமுணுத்தார். "நனையட்டும்ப்பா, நல்ல தண்ணிதான்" என்றார் அழகம்மாள். நான் கொப்பரையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னையா சொட்டச் சொட்ட ஜன்னலருகே வந்து நின்றார்.

"உபதேசியாரே, அப்ப நாங்களும் வேதத்துல சேந்துட்டமா?"

"இல்லைங்க. நீங்க தலை முங்கலையே."

"அப்பச் சரி" என்று நிம்மதியாகச் சிரித்தார்.

அழகம்மாள் திரும்பி வரவில்லை. பினாங்கிலும் இட்லிக் கடை போட்டதாகவும் முட்டி வலி போகவே இல்லை என்றும் பிறகு ஊர் வந்த ஒருவர் சொன்னார். இப்போது நாகப்பட்டினத்திலிருந்து அந்தக் கப்பல் இல்லை. குடை உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். சின்னையாவின் கிணற்றை மூடி, பக்கத்தில் ஆழ்குழாய் இறக்கியிருக்கிறார்கள். தொட்டி இருந்த இடம் எது என்று அவருடைய பேரனுக்குத் தெரியவில்லை.

சென்னையில் கரண்ட் வந்ததும் பேத்தி தொட்டிக்குள் இறங்கினாள். போதகர் அவளைச் சாய்த்தபோது என்னையறியாமல் எழுந்து, வேட்டியை மடித்துப் பிடித்தபடி இரண்டடி முன்னால் போய்விட்டேன். பின்வரிசையில் இருந்தவர், "உக்காருங்க சார், மறைக்குது" என்றார். உட்கார்ந்துவிட்டேன். தொட்டியில் தண்ணீர் மார்பளவு இருந்தது. அங்கே வேறு யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை.