பூரணை நாளில் ஒரு மீன்

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த அந்தச் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு நான் முதலில் போனது சாப்பிட அல்ல, சோடா குடிக்க. கந்தோரில் என்னோடு வேலை செய்தவர்கள் சம்பளம் எடுத்த கையோடு அங்கே கூடுவார்கள். அவர்கள் இறாலையும் கோழியையும் ஒரு கை பார்க்க, நான் சோடாப் போத்தலைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு இருப்பேன். எங்கள் வீடு பச்சைச் சைவம். முட்டை போட்ட கேக்கை யாராவது கொண்டுவந்து தந்தால், அப்பா அதை வீட்டுக்குள் எடுக்காமல் படலையிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்.

காசு மேசையில் கடைக்கார அம்மாவின் மகள் இருப்பாள். ஒருநாள் என் போத்தலைப் பார்த்துவிட்டு, "கதிரைக்கு நாங்கள் வாடகை எடுக்கிறேல்லை, ஆறுதலாக் குடியுங்கோ" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்கின் நுனியில் கோபம். அது அப்பா தந்த சொத்து, இன்றுவரை குறையவில்லை.

"சைவக்காரனுக்குச் சாப்பிட இங்க என்ன கிடக்கு?" என்று சத்தமாகவே கேட்டேன்.

பதில் குசினிக்குள் இருந்து வந்தது. தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். துணிமூட்டை சுமந்து ஊர் ஊராக விற்க வந்த சீனர் ஒருவரின் மகள் அவர். திருகோணமலையிலேயே பிறந்தவர். கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாக நடத்தினார். அவர் பேசுவது என் சித்தி பேசுவது போலவே இருக்கும்.

"அமாவாசையில வாங்கோ தம்பி. அமாவாசையும் பூரணையும் நாங்களும் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. அந்த ரெண்டு நாளுக்கும் வேற தாச்சி, வேற அகப்பை. நம்பாட்டில் வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். மற்றச் சட்டிகளுக்கு எட்டாத உயரத்தில், தனி ஆணியில், துணி சுற்றிய தாச்சி ஒன்று தொங்கியது. எங்கள் வீட்டு விரதப் பாத்திரங்களை அப்பா வைத்திருப்பதும் அப்படித்தான்.

அடுத்த அமாவாசைக்குப் போனேன். என்ன சொல்ல, சைவச் சாப்பாடு என்றால் பருப்பும் சாம்பாரும் சொதியும்தான் என்று நினைத்திருந்தவன் நான். அந்த அம்மா சோயா அவரையை அரைத்துப் பாலெடுத்து, நிலாவெளி உப்பளத்தில் வடிகிற கசப்பு நீரில் ஒரு சொட்டு விட்டு உறைய வைத்து, துணியில் கட்டிப் பாரம் ஏற்றி, கட்டி கட்டியாக வெட்டிப் பொரிப்பார். சாம்பல்தீவில் இருந்து காலையில் வந்த கத்தரிக்காயை இஞ்சியோடு வதக்குவார். வெங்காயம் இல்லை, உள்ளி இல்லை. அது அவர்களுடைய விரத முறை. அவை இல்லாமல் இவ்வளவு ருசி எப்படி வருகிறதென்று எனக்குப் பிடிபடவே இல்லை. வெட்டிக் கழித்த கோவா இலைகளைப் பின்வாசலில் போட்டால், திருகோணமலைத் தெருக்களில் திரியும் மான்கள் வந்து தின்றுவிட்டுப் போகும். மேசை துடைத்தபடி, சுத்தம் குறையாமல், யாருக்கும் குழையாமல் அந்த அம்மா ஒற்றை ஆளாக நடத்திய கடை அது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. மகள்மேல் வந்ததற்கு வேறு பெயர்; அவளுக்கும் என்மேல் அதுவே வந்தது.

அங்கேதான் சிக்கல். என் அம்மா நான் சின்னவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எனக்கு இருந்தது அப்பா மட்டும். அவரை மீறிக் கலியாணம் செய்ய எனக்கு மனம் வராது. அவளும் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "உங்கட அப்பாவை அழவைச்சிட்டு நான் வரமாட்டன்." ஆக, அப்பா ஓம் என்றால்தான் எங்களுக்கு வாழ்க்கை.

அப்பாவின் சமையலைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். உப்பு இருந்தால் புளி இருக்காது, இரண்டும் இருந்தால் அடிப்பிடித்திருக்கும். ஆனாலும் பூரணைக்குப் பூரணை அம்மாவுக்கு அவர்தான் சமைத்துப் படைப்பார். வேறு யாரையும் அடுப்பண்டை விடமாட்டார். காகம்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொத்தும்.

விஷயத்தைச் சொன்னபோது அகப்பை நிலத்தில் விழுந்தது. "சீனச் சாப்பாட்டுக் கடையிலயோ உனக்குப் பொம்பிளை? பாம்பும் தவளையும் திண்டிற சனம்."

"ஏலாது எண்டால் வந்து அவளின்ர அம்மாவின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ," என்றேன்.

"வாறன். பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்."

அவர் சொன்னதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். சம்மதமில்லாத சம்பந்த வீட்டில் எங்கள் ஆட்கள் கை நனைப்பதில்லை. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

ஒரு பூரணை நாள் பொழுதுபடும் நேரம் போனோம். கடையை அன்று பூட்டியிருந்தார்கள். அப்பா சால்வையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் விளிம்பில் இருந்தார். தேத்தண்ணி வந்தது, தொடவில்லை. நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். பிறகு தாய் ஒரு நீளத் தட்டைக் கொண்டுவந்து அப்பாவுக்கு முன்னால் இரண்டு கையாலும் வைத்தார்.

தட்டில் ஒரு மீன். வால், செதில், மிளகு பதித்த கண். முழு மீன்.

அப்பா எழும்பிவிட்டார். "விரத நாளில எனக்கு முன்னால மீனோ?" இவ்வளவு நாளும் விரத நாளில் அந்தக் கடையில் நான் மீனைக் கண்டதில்லை. மகள் குசினிக் கதவைப் பிடித்தபடி முகம் வெளிறி நின்றாள்.

தாய் கெஞ்சவில்லை. "போறதெண்டால் போங்கோ ஐயா. ஒருக்கா அங்க பாத்திட்டுப் போங்கோ," என்று சுவர்ப்பக்கம் காட்டினார்.

சுவர்த்தட்டில் வயதான பெண் ஒருவரின் படம். முன்னால் ஊதுபத்தி புகைந்தது. ஒரு கோப்பைச் சோறு, இரண்டு தோடம்பழம், சின்னதாக அதே மீன்.

"அது என்ர அம்மா. பூரணையில மச்சம் தொட்டறியாதவ. அவவுக்கு நான் மீன் வைப்பனோ? இது சோயா அவரைப்பாலில படியிற ஆடை ஐயா. மடிச்சு மடிச்சுச் செய்யிறது. சைவமான பெரிய ஆக்கள் வந்தால், எங்கட ஆக்கள் குடுக்கிற மரியாதை இதுதான். உங்களுக்கு அது பிழையெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு." கரண்டியால் நடுவில் பிளந்து காட்டினார். முள் இல்லை, வெள்ளை வெள்ளையாக ஆடை மடிப்புத்தான் இருந்தது.

அப்பா தட்டைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் அவவுக்கு வச்சிட்டோ எங்களுக்குத் தாறியள்?"

"ஓம். அவவுக்கு வைக்காமல் நான் வாயில வைக்கிறேல்லை."

அப்பா மெல்ல இருந்தார். "வெட்டி வையுங்கோ. மீன்ர கண் தெரியாமல்," என்றார்.

அந்த அம்மா மிளகை எடுத்துவிட்டுச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது துண்டையும் எடுத்தார். மூன்றாவதை எடுக்கப்போனவர் கையை நிறுத்தினார். போச்சுடா, மனம் மாறிவிட்டார் என்று நான் நெஞ்சைப் பிடித்தேன்.

"பிள்ளை," என்று கதவடியில் நின்றவளைக் கூப்பிட்டார். "இன்னொரு தட்டுக் கிடக்கோ?"

"கிடக்கு ஐயா."

"என்ர மனிசிக்கும் இண்டைக்குத்தான் படையல். மத்தியானம் நான் சமைச்சதைத்தான் வச்சனான். இவ்வளவு காலமும் என்ர சமையல்தான் அவவுக்கு." படத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாவம் அவ."

அவள் புதுத் தட்டில் சோறு போட்டாள். மீனில் நல்ல பக்கத்துத் துண்டாகப் பார்த்து வைத்தாள். தன் அம்மம்மாவின் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் அந்தத் தட்டை வைத்து, ஊதுபத்தி கொளுத்தினாள். அங்கே என் அம்மாவின் படம் இல்லை. வெறும் சுவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு சொன்னாள்:

"மாமி, சாப்பிடுங்கோ."