ஒன்றரை மணி நேரப் படம்

நான்கு மாடித் துணிக்கடைக் கட்டடம். அதன் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பதினோரு வருஷமாக அவள் பேன்ட் கால்களை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மேலே ஒருவர் பேன்ட்டைப் போட்டுப் பார்ப்பார். கால் தரையில் புரளும். விற்பனையாளர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் கீழே அனுப்புவார். அதற்குப் பிறகு அந்தப் பேன்ட் அவள் பொறுப்பு. எவ்வளவு வெட்டச் சொன்னாலும் அரை இன்ச் துணியை உள்ளே மடித்து விட்டுவிடுவாள். "நாளைக்கே இறக்கிக் குடுன்னு வந்து நின்னா, வெட்டின துணியை எங்க போய்த் தேடறது?" என்பாள். கடையில் அவளுக்கு 'அரை இன்ச் அக்கா' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

வீடு இரண்டு தெரு தள்ளி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவாள். கணவனைப் படுக்கையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பி, முதுகில் பவுடர் போட்டு, தண்ணீர் கொடுத்து, திரும்ப ஓடி வருவாள். போக வர, திருப்ப, எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிஷம். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாமல் பார்ப்பதே போதும்.

கணவன் கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தவன். கயிற்றில் தொங்கியபடி எந்த உயரத்திலும் சாவகாசமாக உட்கார்ந்து வேலை செய்வான் என்பதால் கூட்டாளிகள் அவனைக் குருவி என்று கூப்பிட்டார்கள். ரெண்டு வருஷம் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு முடிச்சு நழுவியது. இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கட்டிலுக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.

"யாரோ கத்துக்குட்டி அடிச்சிருக்கான். ரெண்டாவது கோட்டிங்கே இல்ல," என்பான் குருவி. "ஊர்ல எத்தனையோ நல்ல சுவர் இருக்கு. எனக்குன்னு வந்து வாய்ச்சது பாரு."

ஒரு நாள் அவள் மெஷின் மேலேயே கண் அசந்து, ஊசி நகத்தோடு விரலில் இறங்கியது. அதற்கு அப்புறம்தான் குருவியின் தங்கை, பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடைக்கிறவள், புதன்கிழமைக் காலைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் புதனன்று மூன்று மணிக்குத்தான் ஷிஃப்ட். இவளுக்கும் அன்றுதான் வார விடுமுறை.

"எங்கயாவது போய்ட்டு வாங்க அண்ணி. உங்க கட்டடத்துலயே தியேட்டர் இருக்கே, படத்துக்குப் போங்க. அண்ணனை நான் பார்த்துக்கறேன்."

நாலாவது மாடித் தியேட்டரில், புதன் காலைக் காட்சிக்குக் கூட்டம் வராது. கட்டட ஊழியர் அட்டையைக் காட்டினால் உள்ளே விட்டுவிடுவார்கள். என்ன படம் ஓடுகிறதோ அதுதான் படம்.

அவளைச் சினிமாப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. நடிகர் பெயர் எதுவும் மனதில் நிற்காது. அவளுக்கு ஏற்படும் சந்தேகங்களே வேறு. சண்டைப் படத்தில் கதாநாயகனின் சட்டை தோளில் கிழியும். அடுத்த காட்சியில் அதே சட்டை, அதே தோள், கிழிசலைக் காணோம். யார் தைத்தது என்று படம் முடிகிறவரை அவள் காத்திருப்பாள். பேய்ப் படம் ஒன்றில் ஒன்பது அறை உள்ள வீட்டில் மூன்றே பேர் இருந்துகொண்டு அலறினார்கள். பேய்க்கு ஒரு அறையை ஒதுக்கிவிட்டு மிச்சம் எட்டில் கால் நீட்டிப் படுக்க வேண்டியதுதானே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. காதல் படத்தில் ஒருத்தி வீட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்பினாள். கையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பை. "மாத்துத் துணி எங்க?" என்று இருட்டில் வாய் விட்டே கேட்டுவிட்டாள்.

பொம்மைப் படத்துக்கு முதல் தடவை வேண்டாவெறுப்பாகத்தான் போய் உட்கார்ந்தாள். கோட்டு போட்ட ஒரு கரடி வந்தது. கோட்டின் மூன்றாவது பித்தானில் நூல் குறுக்காகப் போயிருந்தது. மற்ற பித்தான்களில் நேராக. அந்த ஒரு பித்தான் மட்டும் அறுந்து விழுந்து, வேறு யாரோ தைத்துக் கொடுத்தது என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனிதர்கள் நடிக்கிற படத்தில் தையல் துணியோடு தானாக வந்துவிடும். இதில் ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைந்தால்தான் தையலே உண்டு. யாரோ தெரியாத ஒருவர், கரடி கோட்டின் பித்தானைப் பற்றி அவளைப் போலவே கவலைப்பட்டிருக்கிறார்.

அந்தப் படம் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. விளக்கைப் போட்டதும் இடைவேளை என்றுதான் நினைத்தாள். கூட்டிப் பெருக்குகிற பெண் வந்து, "அவ்ளோதான்க்கா, பொம்மைப் படம்னா ஒன்றரை மணி நேரம்தான்," என்றாள்.

வீட்டிலோ படம் என்றால் மூன்று மணி நேரம். நாத்தனார் ரெண்டு மணி வரை இருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவள் கட்டட வாசலில் வந்து நின்றாள். எதிரே ரவுண்ட் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஊரைச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வருகிற பஸ். கால் தானாகப் படியில் ஏறிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி இருபது நிமிஷம் கழித்து ஏறின இடத்திலேயே இறங்கினாள்.

அன்றிலிருந்து பொம்மைப் படமாக ஓடினால் அவளுக்குக் கொண்டாட்டம். வீட்டில் ஒரே ஒரு கஷ்டம்: குருவிக்கு முழுக் கதையும் வேண்டும்.

"இடைவேளை எங்க விட்டான்?" என்பான் முதலில்.

இல்லாத இடைவேளையை எங்கேயாவது வைத்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரக் கதையை மூன்று மணி நேரத்துக்கு இழுக்க வேண்டும். இழுக்கத் துணி வேண்டுமே. பஸ் ஜன்னலில் பார்த்ததையெல்லாம் எடுத்து ஒட்டுப் போட்டாள். மார்க்கெட் கூரை மேலிருந்த பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கரடி ஒளிந்தது. மூன்று நாய்களைப் பிடித்துக்கொண்டு போன கிழவர் ஒரு படத்தில் ராஜாவாகவே ஆகிவிட்டார். குருவி கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். இப்படி எட்டு மாதம் ஓடியது.

எட்டாவது மாதம் குடைப் படம் வந்தது. பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை ஒன்று, தன் சொந்தக்காரரைத் தேடி ஊரெல்லாம் அலைகிற கதை. குடைக்குக் கைப்பிடியில் ரெண்டு கண். அவளுக்கு அந்தக் கண்ணில் ஈடுபாடு இல்லை. எட்டுக் கம்பியின் நுனியிலும் துணியைப் பிடித்துக் கட்டுகிற முடிச்சு எட்டையும் தவறாமல் வரைந்திருந்தார்கள். ஒரு காட்சியில் ஒரு முடிச்சு விட்டுப்போகிறது; அதற்கு அப்புறம் கடைசி வரை அந்த ஓரம் தொங்கியே கிடந்தது, யாரும் மாயமாகத் தைத்துவிடவில்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

அன்றைக்கென்று நல்ல மழை. அவள் ரெண்டு மணிக்கு நனைந்தபடி வந்தபோது, வழக்கமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிற நாத்தனார், "மழை விடட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குருவி கதையைக் கேட்டான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். குடை தொலைந்தது, தவறிய பொருள்கள் அறையில் பூட்டிக் கிடந்தது, தப்பியது, துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏறியது.

"கப்பலா?" என்றாள் நாத்தனார். "கப்பல் எங்க அண்ணி வந்துச்சு?"

அவள் துவட்டுவதை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை பசங்களைக் கூட்டிட்டுப் போனேனே. முழுக்க நான்தான் முழிச்சுக்கிட்டு பார்த்தேன். பெரியவ தூங்கிட்டா. கப்பலும் இல்ல, துறைமுகமும் இல்ல." நாத்தனார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "பத்தரைக்குப் போட்டா பன்னெண்டுக்கு விட்டுடறானே. இப்ப மணி ரெண்டு."

"ஆமா."

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. ரவுண்ட் பஸ்ல ஏறி உட்காருவேன். அதே இடத்துல இறங்கிடுவேன்."

"பஸ்ல எதுக்கு?"

"சும்மா."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். குருவி சுவரைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"கரடி ஒளிஞ்சுதே, பச்சைத் தொட்டி, இடது பக்கம் நசுங்கினது. அது நான் அடிச்ச தொட்டி. நசுக்கினதும் நான்தான், சாரத்தைக் கொண்டுபோய் இடிச்சு. பொம்மைக் கரடிக்கு அது எப்படிக் கிடைக்கும்? இவ ஊருக்குள்ள எங்கயோ சுத்தறான்னு அன்னிக்கே புரிஞ்சுது."

"தெரிஞ்சும் என்னை ரெண்டு மணி வரைக்கும் உட்கார வச்சீங்களாண்ணா?" நாத்தனாரின் குரல் உயரவில்லை. "எனக்கு வீட்டுல துணி மலையாக் கிடக்கு. ஒரு மணி நேரம் படுத்து எந்திரிச்சா ஷிஃப்ட்ல நிக்கவாவது முடியும். வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாமே அண்ணி. மாட்டேன்னா சொல்வேன்?"

சொல்லமாட்டாள்தான். ஆனால் சும்மா இருப்பதற்காக ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? அவளுக்கு முகம் சுட்டது. மழை நிற்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. இனிமேல் நாத்தனார் பன்னிரண்டரை வரைதான் இருப்பாள். படமோ பஸ்ஸோ, ஏதாவது ஒன்று.

"பஸ்தான்," என்றான் குருவி, அவளைக் கேட்காமலே. "பாப்பா, அந்தத் தலையணையை முதுகுக்கு வை," என்றான் தங்கையிடம். உட்கார்ந்த மாதிரி சாய்ந்துகொண்டு விரல் விட்டு எண்ணினான். பச்சைத் தொட்டி. மூலையில் கண்ணாடி வச்ச பாங்க். மணிக்கூண்டு, அதில் தெற்குப் பக்கம் மட்டும் வெளுத்திருக்கிறதா. மொத்தம் பதினொரு கட்டடம், எல்லாம் அவன் கை பட்டது. எது எந்த நிறத்தில் இருக்கிறது, எங்கே உரிந்திருக்கிறது என்று அவள் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அவள் பார்த்து வெகு நாளாயிற்று. சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த செவ்வாய் இரவு அவனைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது பதினொன்றையும் ஒப்பிக்கச் சொன்னான். மணிக்கூண்டை மறந்தாள். "கவனமாப் பாரு," என்றான்.

புதன் பத்தரைக்கு ரவுண்ட் பஸ் வந்து நின்றது. ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்தாள். பதினொரு கட்டடமும் அவளுக்கு முன்னாலேயே ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நடத்துநர், "ஏறும்மா," என்றார். அவள் காலை எடுத்துவிட்டாள்.

நாலாவது மாடிக்குப் படியேறியே போனாள். நத்தைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. முதுகிலேயே வீடு இருந்தும் அந்த நத்தை ஊருக்குக் கிளம்பும்போது கையில் ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். முன் வரிசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது. இந்தக் கதையை யாரும் கேட்கப் போவதில்லை. இடைவேளை வைக்க வேண்டாம், நீட்ட வேண்டாம். தையலைக்கூட அவள் பார்க்கவில்லை. நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, திரையில் நிறங்கள் வந்து வந்து போகட்டும் என்று விட்டுவிட்டாள். முடிந்தபோது நத்தை ஊர் போய்ச் சேர்ந்ததா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டே காலுக்கு வீட்டுக்கு வந்தாள். நாத்தனார் கிளம்பும்போது அவளை ஒரு மாதிரி பார்த்தாள். சாப்பாடு எடுத்து வச்சிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குருவி சவரம் செய்து, தலை வாரி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வா, உட்காரு. தொட்டியிலேர்ந்து ஆரம்பி."

படத்துக்குத்தான் போனேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாரிய தலையைப் பார்த்தாள்.

"பச்சைதான்," என்றாள். "அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் வெளுத்திருக்கு."

 போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"பாப்பா காலைல அந்த வழியாத்தான் வந்தா," என்றான் மெதுவாக. "சாரம் கட்டியிருக்காங்களாம். நீலம் அடிக்கறாங்களாம். பாதி ஆயிடுச்சாம்."

அவள் வாசல் கதவைப் பார்த்தாள். நாத்தனார் அதை நன்றாகச் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

"நீ உட்கார்ற பக்கத்துலேர்ந்து பார்த்தா பச்சைதான் தெரிஞ்சிருக்கும்," என்றான் குருவி. கண்ணை மூடிக்கொண்டான். "மேல சொல்லு. பாங்க் எப்படி இருக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. ரெண்டரைக்கு அவனைத் திருப்ப வேண்டும். அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் பத்து பாக்கி இருந்தது.

"பாங்க்ல," என்று ஆரம்பித்தாள், "கண்ணாடி எல்லாத்தையும் தொடைச்சிருக்காங்க."