தள்ளாமல் ஏற வேண்டிய சரிவு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாமக்கல்லில் லாரிக்குக் கிளீனராக ஏறி, ஹைதராபாத்தில் இறங்கி, ஏ.எஸ்.ராவ் நகரில் வேன் ஓட்டி, பிறகு நானே வேன்கள் வாங்கி ஆள் வைத்து ஓட்டியவன். அந்தப் பக்கத்து என்ஜினியர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் என் வேனில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். டீசல் இன்ஜின் இருமுகிற இருமலை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். தற்பெருமை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் சம்பாதித்த பெருமை, நான் செலவழிக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னை, மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு, ஊரின் மறுகோடியில் இருக்கிற கொண்டாப்பூரில் பதினான்காம் மாடிக்குக் கொண்டுபோனான் என் மகன். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அங்கே லிஃப்டுக்கு அட்டை காட்ட வேண்டும், கதவுக்கு எண் அழுத்த வேண்டும். பால்கனியில் புறா வராமல் வலை கட்டியிருக்கிறார்கள். புறாக்கள் வெளியே சுற்றும், உள்ளே நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். எங்காவது போக வேண்டுமென்றால் மகன் போனில் கேப் பிடித்துத் தர வேண்டும். எந்தச் சிக்னலில் நிற்கிறோம் என்பதை அவன் ஆபீஸில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பான், பார்சல் எங்கே வருகிறது என்று பார்ப்பதைப் போல.

வேன்களை விற்றபோது விற்காமல் வைத்துக்கொண்டது ஒரு பழைய டீசல் ஜீப். அது கட்டடத்துக்குக் கீழே, பூமிக்குள் இரண்டாம் தளத்தில் நிற்கும். நாங்கள் யாரையும் கேட்காமல் வெளியே போவதற்கு இருந்த ஒரே வழி அது.

ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த வழிக்கும் ஆபத்து வந்தது. ஜீப் கொஞ்ச தூரம் போகும், மூச்சை நிறுத்திவிடும். அரைமணி கழித்துத் தானாகவே கிளம்பும். டீசல் ஃபில்டரை மாற்றினேன். அப்படியும் நின்றது.

மகன் சொல்லிவிட்டான். "அப்பா, இனி ஒருக்கா நின்னா ஃப்ளைஓவர் மேலதான் நிக்கும். பின்னாடி வர்றவன் இடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"என்னோட வண்டி நடுரோட்டுல நிக்காது."

"சரி, ஒரு டீல். நாளைக்குக் காலைல யாரும் தள்ளாம கேட்டுக்கு வெளிய போயிட்டா நான் வாயே திறக்க மாட்டேன். எவனாவது கைய வெச்சுத் தள்ளுனான்னா, பழைய இரும்புக்குப் போட்டுரலாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லை.

மறுநாள் காலை மனைவியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. முதல் சரிவை ஏறியது. இரண்டாவது சரிவின் பாதியில், வெளிச்சம் தெரிகிற இடத்தில், இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

ஆபீஸ் போகிற நேரம். சரிவு ஒரு வண்டி அகலம்தான். எனக்குப் பின்னால் கார், அதற்குப் பின்னால் கார், வளைவு தாண்டியும் கார். ஹாரன் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். செக்யூரிட்டி ஓடி வந்தான்.

"சாப், தக்கா தேவூம் க்யா?" என்று தள்ளுவதற்குக் கையை நீட்டினான்.

"நக்கோ! ஹாத் நக்கோ லகாவ்!" என்று கத்தினேன், வேண்டாம், கை வைக்காதே என்று. கை வைத்தால் ஜீப் போயிற்று. அது அவனுக்கு எப்படித் தெரியும்?

"கைக்கு நக்கோ சாப்? பீச்சே தேக்கோ, கித்னே காடியாங்!"

ஏன் வேண்டாமென்று கேட்கிறான்! பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று எனக்குத் தெரியாதா? முதுகே சொல்லியது.

பானட்டைத் திறந்தேன். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரி பிழை இல்லை. சுற்றும்போது புகைக்குழாயில் கொஞ்சம்கூடப் புகை இல்லை. அப்படியென்றால் டீசல் இன்ஜினுக்கு வரவேயில்லை. கையால் அழுத்தி டீசல் ஏற்றுகிற பம்பை அழுத்தினேன். அழுத்தினால் உள்ளே போகிறது, மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. ஏதோ ஒன்று அந்தப் பக்கமிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி. அடைப்பு டாங்கிப் பக்கம்தான். டாங்கியிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினேன். வாயெல்லாம் டீசல். ஆனால் காற்று தடையில்லாமல் போயிற்று; டாங்கிக்குள் குமிழி விடுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, இன்னும் ஆவலீங்களா?" என்றாள் மனைவி. "பின்னாடி ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிடுறாங்க."

"நீயும் திருப்பிக் கும்பிடு புள்ள."

குழாயை மாட்டி, பம்பை அழுத்தி, காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! கல்லை எடுக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். பின்னால் வந்த கார்கள் என்னைச் சுற்றிக்கொண்டு பறந்தன. ஒருவர் கண்ணாடியை இறக்கித் தெலுங்கில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது, கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுக்குப் பத்தடி முன்னால் மறுபடியும் நின்றது.

அங்கே என் மகன் நின்றிருந்தான், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு. செக்யூரிட்டி மறுபடியும் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முன்னால் குறுக்குக் கம்பி, பின்னால் தள்ளக் காத்திருக்கிற கை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினான்காம் மாடி வலை கண்ணுக்கு முன் வந்தது.

"அப்பா, போதும். இறங்குங்க."

"இரு."

அடைப்பே இல்லாத குழாய். அதை ஊதியதும் வண்டி ஏன் ஓடியது? குழாய்க்கு என் ஊதல் வேண்டியதில்லை. அப்படியென்றால் டாங்கிக்குத்தான் வேண்டியிருந்தது. உள்ளே இருக்கிற டீசல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டாங்கி டீசலை விடாது, உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அரைமணி நின்றால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும், அதனால்தான் மறுபடி கிளம்பியது.

இறங்கிப் போய் டாங்கி மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை இழுத்தது. என் மகன் நின்ற இடத்துக்கே கேட்டது.

மூடியை உற்றுப் பார்த்தேன். நடுவில் காற்று போக ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கும். அதன்மேல் காய்ந்து கல்லாகிப்போன சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங், நாலு சக்கரம், பானட், டாங்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தோம்.

"இத்தாத்தண்டி சந்தனம் எதுக்கு அப்பினே?" என்றேன் மனைவியிடம்.

"நல்லா இருக்குதே. வண்டிய ஓட வெக்கிறது டாங்கிதான், அதுக்குக் கெட்டியா வையின்னு நின்னு வேல வாங்குனது ஆருங்க?"

மகன் முதலில் அடக்கிப் பார்த்தான். பிறகு சிரித்தேவிட்டான். செக்யூரிட்டிக்கு ஒன்றும் புரியவில்லை, அவனும் சிரித்தான். மனைவி புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றித் தந்தாள். துளையைக் குத்தித் திறந்தேன், வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். பம்பை அழுத்தினேன், பந்து மாதிரி எழும்பியது. சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

"கம்பிய தூக்கு" என்றேன்.

மகன்தான் கையைக் காட்டித் தூக்கச் சொன்னான். "எங்க போறீங்கப்பா?"

அதைப் பற்றி யோசிக்கவேயில்லை. "டீ குடிக்க" என்றேன்.

கச்சிபௌலி ரோட்டில் ஏறியதும் நெரிசல். முன்னால் பஸ், பக்கத்தில் கம்பெனி வேன், பின்னால் ஆட்டோ. ஓர் அடி நகர இடமில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். இன்ஜின் ஒருமுறைகூட நிற்கவில்லை. எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி முழங்காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டு, "அவசரமில்லீங்க, மெதுவா போலாம்" என்றாள்.