கிக்கர் இல்லாத மோட்டார் சைக்கிள்

நீராவிப்பிட்டி முத்தலிப் மீன் விற்கப் போனால் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்துவார். பெற்றோலுக்கு வரிசையில் நின்று காய்ந்த காலத்தில் தொற்றிய பழக்கம். வரிசைகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. சத்தம் நின்றால்தான் கதைக்கலாம், கதைத்தால்தான் மீன் போகும் என்பது அவர் கட்சி. பிறகு கிக்கரில் ஓர் உதை; அடுத்த படலை.

விடியற்காலையில் முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியைப் பின்னால் கட்டி, முத்தையன்கட்டு வாய்க்கால் கரையோர வீடுகளுக்கு வருவார். உலை வைப்பதற்கு முன் வந்தாக வேண்டும். அண்மையில் ஒலிபெருக்கி கட்டிய மீன் ஓட்டோ ஒன்றும் அதே பாதையில் வரத் தொடங்கியிருந்தது. முத்தலிப் பிந்திய நாட்களில் சட்டிகள் அந்தப் பக்கம் நீண்டன. இப்படி இன்னும் சில நாள் பிந்தினால் பாதையே கைமாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பெட்டியிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் பழைய மோட்டார் சைக்கிளின் சட்டத்தைத் தின்றுவிட்டது. இறக்குமதி திரும்பத் திறந்ததும் வவுனியாவில் புதியது எடுத்தார். முன்பென்றால் அந்த விலைக்கு இரண்டு வாங்கியிருக்கலாம்.

"போன் வந்தா மீற்றரில பேர் விழும் அண்ணை," என்றான் கடைக்காரப் பெடியன்.

"அது கிடக்கட்டும் தம்பி. டபுள் ஸ்ராண்ட் எங்க?"

"இப்ப வாறேல்ல. வேணுமெண்டா புறம்பாக் காசு கட்டிப் போடலாம்."

"கிக்கர்?"

"அதுக்கு இடமே விடேல்ல அண்ணை. பட்டனை அமத்துங்கோ, காணும்."

வீட்டில் மனைவி ஹாலிதா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "கூடக் காசு குடுத்துக் குறைஞ்ச சாமான் வாங்கின ஆள் இந்த ஊரில நீங்கதான்."

சில மாதம் ஒரு குறையும் இல்லை. முத்தலிப் படலைக்குப் படலை நிறுத்தினார், படலைக்குப் படலை பட்டனை அமத்தினார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பற்றரி சார்ஜ் ஏற எங்கே நேரம்? ஒரு காலை ராக்காயி வீட்டுப் படலையில் பட்டனை அமத்தியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பெட்டியில் பாதிக்கு மேல் மீன். அடியிலிருந்து ஐஸ்தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"உதையுங்கோவன் நானா," என்றாள் பக்கத்து வீட்டுச் சுகந்தினி.

"எதை உதைக்கிறது பிள்ளை? உதைக்கிற சாமானே இல்லை."

"புதுசெண்டு சொன்னியள்! வாங்கேக்க எண்ணிப் பாக்கேல்லையோ?"

"கியர் வண்டிதானே, தள்ளினா எடுபடும்," என்று முத்தலிப் ஏறி உட்கார்ந்தார். பெண்கள் வாய்க்கால் கட்டு நெடுகத் தள்ளினார்கள். பழையதென்றால் எடுபட்டிருக்கும். இதில் பெற்றோலை எஞ்சினுக்கு அனுப்பவும் கரண்ட் வேண்டும். திரும்பப் படலைக்கே தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. "சூடை... பாரை... திருக்கை..."

முத்தலிப்புக்கு முகம் செத்துவிட்டது. ராக்காயி அவரைப் பார்த்தாள், ஒழுகும் பெட்டியைப் பார்த்தாள், வளவுக்குள் திரும்பிக் கத்தினாள்: "இந்தாங்க, லான்ட்மாஸ்டரை எடுங்க! நானாவோட மீன் நாறப் போகுது!"

அவள் புருசன் வீரபாகு வெளியே வந்தார். கம்பியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த இரண்டு சக்கர உழவு இயந்திரம் கறுப்பாகப் புகைத்துக்கொண்டு எழும்பியது. பின்னால் கொளுவியிருந்த இழுவைப் பெட்டியில் மீன் பெட்டி ஏறியது, தராசு ஏறியது, முத்தலிப்பும் ஏறினார். மோட்டார் சைக்கிளைப் படலையோடு சாத்திவிட்டார்கள்.

"பொம்பிளை வீட்டுக்கோ ஊர்வலம் நானா?" என்று சிரித்தாள் சுகந்தினி.

"நீ முதல்ல சட்டியைக் கொண்டா!"

அடுத்த படலையில் முத்தலிப் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். வீரபாகு மாட்டேனென்றார். "நிப்பாட்டினா திரும்பச் சுத்தணும். தோள் போயிரும் நானா."

ஆகவே அன்று கதை இல்லை. முத்தலிப் விலையைத் தொண்டை கிழியக் கத்தினார். சத்தத்துக்கே சனம் படலைக்கு வந்தது. மீனைக் கண்டதும் சட்டிக்கு ஓடியது. இதற்குள் ஓட்டோ பின்னால் வந்துவிட்டது. வாய்க்கால் கட்டில் இரண்டு வாகனத்துக்கு இடமில்லை. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான், பிறகு வாயாலும் அடித்தான். முன்னால் நடை வேகத்தில் ஊர்ந்த லான்ட்மாஸ்டரின் கைப்பிடியில் இருந்த வீரபாகுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோ கடந்து போன ஒவ்வொரு வீட்டிலும் மீன் ஏற்கெனவே அரிந்துகொண்டிருந்தார்கள்.

கட்டு முடிகிற மதகடியில் பெட்டி வெறுமையானது. முத்தலிப் காசு நீட்டினார்; வீரபாகு வாங்கவில்லை. தனக்கென்று ஒதுக்கியிருந்த பாரையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கரைக்கே இதில வரட்டோ?" என்று கேட்டார் முத்தலிப்.

"தாராளமா வாங்க," என்றார் வீரபாகு. "மீன் மறுநாள்தான் வந்து சேரும்."