குடிக்காதவரின் வெறி

என் பெரியப்பா வாழ்நாளில் ஒரு துளி கள்ளும் குடித்ததில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுத வேண்டியிருப்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. எங்கள் ஊரான சரவணையில் அவரை நினைவு வைத்திருப்பவர்கள் இன்றும் ‘அந்த வெறிகாரர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் தெற்கே ஒரு சிங்களப் பட்டினத்தில் பேக்கரி வைத்திருந்தவர். பாண் சுடும் போறணையின் முன்னால் நின்று வருடக்கணக்காக விறகுப் புகையைக் குடித்தார். அவர் குடித்தது அது ஒன்றுதான். எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தபின், ஒரு பெட்டியோடும் ஓயாத இருமலோடும் ஊருக்கு வந்தார். கிணற்றடிவரை போனாலே நெஞ்சு கீச்சிடும். சட்டென்று திரும்பினால் தள்ளாடிச் சுவரைப் பிடிப்பார். சுவர் இல்லாத இடத்தில் என் தோளைப் பிடிப்பார்.

அவருடைய ஒரே மகளை நான் அக்கா என்பேன். அக்காவைப் பெண் பார்க்கக் காரைநகரிலிருந்து படகில் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவர நானும் பெரியப்பாவும் ஊர்காவற்றுறைக்குப் போனோம். பஸ் பிந்திவிட்டது. படகு கரைக்கு வருவதைக் கண்டதும் அவர் விறுவிறுவென்று நடந்தார். பாதியிலேயே மூச்சு அடைத்து வாயைத் திறந்தார். முழங்கால்கள் மடிந்தன. வெள்ளை வேட்டியோடு, வந்தவர்களின் காலடியிலேயே விழுந்தார்.

அங்கே நின்ற எங்கள் ஊர்க் கடைக்காரர் கையைக் கொடுக்குமுன் வாயைக் கொடுத்தார்.

“காலமையே ஏத்திப்போட்டார் போல.”

சிலர் சிரித்தார்கள். சாராய வாடை வருகிறதா என்று ஒருவரும் முகர்ந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் மாமன் மட்டும் குனிந்து, “என்ன அண்ணை, ஏதும் நோய் வருத்தமோ?” என்று கேட்டார்.

பெரியப்பா மூச்சைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தார். “வருத்தம் ஒண்டுமில்லை. கொஞ்சம் கூடிப்போச்சு.”

நான் வாயைத் திறந்தேன். அவர் கை என் தோளை இறுக்கியது. மாமனும் சிரித்துவிட்டார். குடி அவர்களுக்கும் புதிதல்ல போலும். சம்பந்தம் பொருந்தியது.

அவர்கள் போனபிறகு, ஏன் பொய் சொன்னனீங்கள் என்று அவரோடு சண்டை பிடித்தேன்.

“இருமல் எண்டால் சயரோகம் எண்டுதான் நினைப்பினம், பிள்ளை. பிறகு அக்காவை ஆர் எடுக்கிறது? கலியாணம் முடியட்டும்.”

கலியாணம் முடிந்தது. அக்கா காரைநகருக்குப் போனாள். பெரியப்பா உண்மையைச் சொல்லப்போகும் நாளுக்காக நான் காத்திருந்தேன். கடைக்காரரின் முகம் அப்போது எப்படிப் போகும் என்று கற்பனை செய்துகூடப் பார்த்தேன்.

அதற்குள் அவர் மறுபடி விழுந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, உச்சி வெயிலில், கோயில் வீதியில் அவர் கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. பூசை முடித்து, திருநீறு பூசிய நெற்றிகளோடு ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் தன் சைக்கிளைக் கவனமாக விலக்கி உருட்டினார். இன்னொருவர் எனக்குப் புத்தி சொன்னார்: “விடு பிள்ளை, வெறி முறிய எழும்புவார்.”

மனிதர்கள்மேல் எனக்கு வந்த முதல் வெறுப்பு அது. இன்றுவரை அது முழுதாகப் போகவில்லை. நெஞ்சு வருத்தம் முற்றினால் கால் தசைகளும் தேய்ந்து, உடம்பு நிலை தவறும் என்று பின்னாளில் ஒரு வைத்தியர் விளக்கினார். அன்று வீதியில் போனவர்களுக்கு வைத்தியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விழுந்த மனிதனைத் தூக்கத் தெரிந்திருந்தால் போதும்.

நான் புழுதியில் அவர் பக்கத்தில் இருந்து அழுதேன். “கலியாணம் முடிஞ்சுதுதானே, பெரியப்பா. இனிச் சொல்லுங்கோவன்.”

அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “அவள் அங்க இருக்க வேணுமெல்லே” என்றார்.

அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. கலியாணம் என்பது ஒரே நாளில் முடிந்துவிடுகிற காரியம் என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.